என் பலகையில் ஒரு ரொட்டி அதிகம்

மே 11, 1813

காலையில் மழை. துவைத்தது எதுவும் காயவில்லை. சிவப்பிக்குக் கன்று ஈனும் நாள் நெருங்கிவிட்டது. இதையெல்லாம் எழுதத்தான் உட்கார்ந்தேன். நடந்தது வேறு.

மதியம் ஊர்த்தலைவர் ஐமர் மாமா வந்தார். தோளில் அரசாங்கப் பட்டி. அந்தப் பட்டியை மாட்டிக்கொண்டால் அவர் மாமா இல்லை. பின்னால் குதிரையில் ஒரு போலீஸ்காரன். மாமா வாசலில் நின்று காகிதத்தை வாசித்தார்: யோஸ்ட் படைக்கு எடுக்கப்பட்டவன், மார்ச் மாதம் தலைநகர் காசலின் பாசறையிலிருந்து ஓடிப்போனவன், அவன் வந்து சரணடையும் வரைக்கும் இந்தக் காவலர் அவன் வீட்டில் தங்குவார், சாப்பாடு, படுக்கை, குதிரைத் தீனி எல்லாம் வீட்டார் பொறுப்பு.

வாசித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மார்த்தா, எங்க இருக்கான்னு தெரிஞ்சா சொல்லிடும்மா. என் தலைக்கு மேல கத்தி தொங்குது."

"தெரிஞ்சா நான் ஏன் மாமா இப்படி நிக்கறேன்?"

எப்படிச் சொன்னேன்? என் வாய்தானா அது? நாங்கள் நின்ற வாசலுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் நடுவில் ஒரே சுவர். கொட்டகைப் பரணில், நூல் நூற்க வைத்த ஆளித்தட்டைக் கட்டுகளுக்குப் பின்னால், என் கணவர் படுத்திருந்தார். ஒவ்வொரு வார்த்தையும் அவர் காதில் விழுந்திருக்கும்.

பிடிபட்டால் சுடுவார்கள். அதை மாமா வாசிக்கவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

மே 12

குதிரை கீழே, அவர் மேலே. நடுவில் ஒரு வரிசைப் பலகை. கடவுளே, அவருக்குத் தும்மல் வராமல் பார்த்துக்கொள்.

மே 19

போலீஸ்காரன் பெயர் ஷெரர். பிரெஞ்சு எல்லைப்பக்கத்து அல்சாஸ்காரன், அதனால் நம் பேச்சையே கொஞ்சம் இழுத்துப் பேசுகிறான். பிரெஞ்சு அரசாங்கத்து ஆள் என்றால் கொம்பு முளைத்திருக்கும் என்று நினைத்திருந்தேன். பெருவயிறன். நேரத்துக்குச் சூப் வேண்டும், ரொட்டி வேண்டும், பன்றிக்கொழுப்பு வேண்டும். லீஸ்பெட்டை மடியில் வைத்துக் குதிரையாட்டம் ஆடுகிறான். நாலு வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும், சிரிக்கிறாள். அப்பா மேலே இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவே கூடாது.

அவன் அடித்து உதைக்கிறவனாக இருந்திருந்தால் எனக்குப் பயம் இவ்வளவு இருந்திருக்காதோ என்னவோ. நல்லவனாக இருக்கிறான், வீட்டில் எல்லா இடத்துக்கும் உரிமையோடு வருகிறான்.

இன்று குதிரைக்கு வைக்கோல் எடுக்க ஏணியில் காலே வைத்துவிட்டான். வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"ஐயா, இறங்குங்க! அந்த ஏணி உளுத்துப்போச்சு. என்னையே தாங்குமோ தாங்காதோ, உங்களை எங்க தாங்கும்?"

வயிற்றைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "இதுக்கு ஒரு வரி போட்டா உங்க ராஜா கடனெல்லாம் தீந்துடும், வீட்டுக்காரம்மா."

ஏணி நன்றாகத்தான் இருந்தது. அவன் சாராயக்கடைக்குப் போனதும் மேலேயிருந்து இரண்டாவது படியை ரம்பத்தால் பாதி அறுத்துவைத்தேன். நான் ஏறும்போது அந்தப் படியைத் தாண்டி ஏற வேண்டும். மறக்கக் கூடாது. மறக்கவே கூடாது.

மே 30, ஞாயிறு

ஊரே மாதாகோவிலில். ஷெரரும் போயிருந்தான். லீஸ்பெட்டுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வீட்டில் இருந்தேன். அவள் தூங்கியதும் பரணுக்கு ஏறினேன். அவர் தாடி கழுத்துவரை வளர்ந்துவிட்டது. மாட்டுச் சூட்டில் உடம்பெல்லாம் தடிப்பு.

"ரஷ்யாவுக்குப் போன நம்ம ஊர்ப் பசங்க யாராவது வந்தாங்களா?" என்று கேட்டார். எப்போதும் இதே கேள்வி. யாரும் வரவில்லை. டோர்ட்டெ அக்காவின் மகன் ஹென்னரும் வரவில்லை.

அவர் கோபமாக முணுமுணுத்தார். "ஒண்ணு சொல்றேன் மார்த்தா. பிரெஞ்சுப் பேரரசனோட தம்பி இங்க ராஜாவா வந்தப்புறம் பண்ணைக்குக் கூலியில்லாம உழைக்கிற வேலை போச்சு. எங்கப்பா முதுகு ஒடிஞ்ச வேலை அது. அதுக்கு நான் நன்றி சொல்லத் தயார். ஆனா ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால உப்புக்கு வரி, உழவுக் குதிரைக்கு வரி, கடைசில பையனுக்கும் வரியா? யாரோட சண்டைக்கு நான் ஸ்பெயின்ல போய் சாகணும்?"

"மெதுவா பேசுங்க."

"யாரு இருக்கா?"

"எனக்குப் பயமா இருக்கு, மெதுவா பேசுங்க."

ஜூன் 10

ஊர் ரொட்டியடுப்பில் இன்று சுட்ட நாள். யார் எப்போது சுடுவது என்று குச்சி எடுத்ததில் எனக்கு மூன்றாவது முறை. நல்லது, அடுப்பு அப்போதுதான் சரியான சூட்டில் இருக்கும், விறகும் மிச்சம். பலகை நிறைய மாவு உருண்டைகளைத் தூக்கிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டு அடையாளம் சாவி. வாசற்சாவியை மாவில் அழுத்துவோம். டோர்ட்டெ அக்கா வீட்டுக்குக் கட்டைவிரல். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. யார் பலகையில் எவ்வளவு இருக்கிறது என்று பெண்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி பார்ப்பார்கள். யாருக்குக் குழந்தை வரப்போகிறது, யார் வீட்டில் விருந்து, எந்த மாமியார் மருமகளோடு சண்டை போட்டுப் பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள் — எல்லாம் பலகையில் தெரிந்துவிடும்.

என் பலகையில் ரொட்டி அதிகம்தான். கேட்டால் போலீஸ்காரனைச் சொல்லிவிடலாம். அவன் வயிற்றுக்குப் பின்னால் என் கணவர் ஒளிந்திருக்கிறார். அந்தத் தடியன் பட்டினி கிடக்காமல் நன்றாகத் தின்ன வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு வேண்டுதல் யாருக்காவது இருந்திருக்குமா?

டோர்ட்டெ அக்கா அடுப்புச் சாம்பலைத் துடைத்தபடி யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "என் பிள்ளை கூப்பிட்டப்ப போனான். பனியில விறைச்சுச் செத்திருப்பான். சில பேரு புருஷனுங்க மட்டும் காத்தாட்டம் காணாம போயிடறாங்க. அவங்க ரத்தம் என்ன பாலா?"

நான் குனிந்து சாவியை அழுத்திக்கொண்டே இருந்தேன். அவள் சொன்னதில் தப்பு என்ன? அவள் வாய் மட்டும் திறந்தால் போதும், எங்கள் கதை முடிந்தது.

ஜூலை 18

செத்துப் பிழைத்தேன்.

சூப் குடிக்கும்போது லீஸ்பெட் ஷெரரிடம் சொன்னாள்: "மாமா, எங்க வீட்டுப் பூனைக்கு இருமல். ராத்திரி மேல இருமுது."

கரண்டி என் கையிலேயே நின்றுவிட்டது. ஷெரர் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"பூனை இருமுமா, வீட்டுக்காரம்மா?"

"முடி தொண்டையில மாட்டிக்கிட்டா இருமும் ஐயா."

"ஆமாமா, எங்க வீட்டுப் பூனையும் அப்படித்தான்," என்று சொல்லிவிட்டு இன்னொரு ரொட்டித் துண்டு எடுத்தான். அவ்வளவுதான். அவன் நம்பினானா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தேனில் ஓமம் கலந்து பரணுக்குக் கொண்டுபோனேன். "இருமினா தலையணையைக் கடிச்சுக்குங்க," என்றேன். கோபத்தில் கத்தியிருப்பேன், கத்த முடியவில்லை.

ஜூலை 19

இருமல் சத்தம் இல்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று பார்க்கத் தோன்றுகிறது. ஏறப் பயம்.

ஆகஸ்ட் 14

மேட்டுத்தெருத் தச்சன் மகனும் படையிலிருந்து ஓடிவிட்டானாம். ஷெரர் குதிரையோடு அங்கே போய்விட்டான்! சில வாரத்துக்கு அந்த வீடு, பிறகு இங்கே. போகும்போது, "உங்க ரொட்டிதான் எனக்குக் கவலை," என்றான்.

லீஸ்பெட் தூங்கியதும் அவர் இறங்கிவந்து மேசையில் அவர் இடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். முதுகை நிமிர்த்தவே தெரியவில்லை அவருக்கு. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எவ்வளவு நாளாயிற்று இப்படி உட்கார்ந்து! பாவம் அந்தத் தச்சன் வீடு. ஆனாலும் சந்தோஷப்பட்டேன், அதை மறைப்பானேன்.

ஆகஸ்ட் 19

ஐயோ, என் புத்தியை என்ன சொல்வது.

ரொட்டியடுப்புக்குப் போனேன். பலகையை இறக்கினேன். பெண்களெல்லாம் திடீரென்று பேச்சை நிறுத்தினார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. பிறகு குனிந்து பார்த்தேன். எப்போதும் போடுகிற அளவையே போட்டிருக்கிறேன். போலீஸ்காரன் இருந்தபோது போட்ட அளவு! அவன் என் வீட்டில் இல்லை. நானும் குழந்தையும் மட்டும்தான். கை பழக்கத்தில் பிசைந்துவிட்டது.

மூடி மறைக்கலாம் என்று துணியைத் தேடினேன். அந்த நேரம் பார்த்து வாசலில் அவனே வந்து நின்றான். சுட்ட ரொட்டியின் வாசனைக்கு வந்தவன்.

"அட, வீட்டுக்காரம்மா! நான் இல்லாமலே இவ்வளவு ரொட்டியா? கல்யாணமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கேட்டு முடிக்கும்போது சிரிப்பு இல்லை. பலகையை மறுபடி பார்த்தான். இனி அவ்வளவுதான், அவரைக் கொட்டகையிலிருந்து இழுத்துவரப் போகிறார்கள் என்றே நினைத்தேன்.

டோர்ட்டெ அக்கா எனக்கும் அவனுக்கும் நடுவில் புகுந்தாள். "நகருங்க ஐயா, அடுப்பு ஆறிப்போகுது. இந்தக் கடைசி ரெண்டும் என்னுது. என் பலகை பிளந்துபோச்சுன்னு இவ பலகையில வச்சேன்." சொல்லிக்கொண்டே நான் இன்னும் சாவி அழுத்தாத இரண்டு உருண்டையிலும் கட்டைவிரலை ஆழமாக அழுத்தினாள். "என்ன பாக்குறீங்க? கிழவி ரெண்டு ரொட்டி தின்னக் கூடாதுன்னு காசல்ல சட்டம் போட்டிருக்காங்களா?"

அவன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். மற்றப் பெண்கள் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இத்தனை வாய்! ஒரு வாய் தவறினால் போதும்.

ஆகஸ்ட் 20

அவள் வந்தாள். சால்வையில் அந்த இரண்டு ரொட்டியையும் சுற்றிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எனக்கு முன்னாடியே தெரியும்டி. குதிரைக்காரன் எவ்வளவு தின்பான்னு எனக்குத் தெரியாதா? அதுக்கும் மேல ஒரு ஆள் இருந்துச்சு உன் பலகையில."

"அப்புறம் ஏன் அக்கா..."

"உன்மேல பரிதாபப்பட்டுன்னு நினைச்சுக்காத." ரொட்டியை என் பக்கம் தள்ளினாள். "ஒருத்தனைக் குடுத்தாச்சு. இன்னொருத்தனை என் கையால அவங்களுக்குக் குடுக்க மாட்டேன். அவ்வளவுதான். ஆனா உன் புருஷன்கிட்ட சொல்லு, அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன்."

போனபிறகு அவரிடம் சொன்னேன். அவர் ரொட்டியைத் தொடவில்லை.

செப்டம்பர் 9

ஷெரர் திரும்பிவந்துவிட்டான். தச்சன் மகன் பிடிபட்டுவிட்டானாம். யார் காட்டிக்கொடுத்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. தச்சன் மனைவியின் அழுகை இங்கேவரை கேட்டது.

அடுத்தது நாங்கள்.

செப்டம்பர் 16

நான் ஆற்றங்கரையில் துணி அலசிவிட்டு வருகிறேன், கொட்டகையில் தடாலென்று சத்தம். ஷெரர் தரையில் கிடந்தான். ஏணிப்படி இரண்டாக உடைந்து பக்கத்தில். நான் அறுத்த படி. என்னிடம் கேட்காமல் ஏறியிருக்கிறான்.

"சொன்னேனே ஐயா, உளுத்த ஏணின்னு!"

கணுக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். உடைந்த படியை எடுத்துப் பார்த்தான். ரம்பம் போன இடம் நேராக, பளிச்சென்று இருந்தது. பிறகு தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். மேலே ஒரு சருகுகூட அசையவில்லை.

"பூனைக்கு இருமல் சரியாச்சா, வீட்டுக்காரம்மா?"

"சரியாச்சு ஐயா."

"நல்லது," என்றான். நொண்டிக்கொண்டே போய் அடுப்பருகில் உட்கார்ந்துவிட்டான். கணுக்காலுக்கு நான்தான் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினேன்.

செப்டம்பர் 17

இன்று காலை ஆட்களைக் கூட்டிவருவான் என்று காத்திருந்தேன். வரவில்லை. சூப் கேட்டான்.

செப்டம்பர் 18

சூப். ரொட்டி. ஒன்றும் கேட்கவில்லை. எதற்குக் காத்திருக்கிறான்? இந்த மௌனம் என்னைத் தின்கிறது.

செப்டம்பர் 29

ரஷ்யக் குதிரைப்படை, கொசாக்கியர்கள், காசல் வாசலுக்கே வந்துவிட்டார்களாம். ராஜா தப்பி ஓடிவிட்டானாம். ஐமர் மாமா பட்டியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார். ஷெரர் குதிரைக்குச் சேணம் போட்டான். பயந்த முகம். அவன் பயந்து நான் பார்த்ததில்லை.

சேணத்தில் ஏறியபிறகு சொன்னான்: "பூனைகிட்ட சொல்லுங்க, அவசரப்பட்டு இறங்க வேண்டாம்னு. எங்க ஆளுங்க இன்னும் இந்தப் பக்கம் வருவாங்க."

சேணத்து வாரைப் பிடித்துக்கொண்டேன். "எப்பலேர்ந்து ஐயா தெரியும்?"

"நான் ரொட்டிக்கடைக்காரன் பிள்ளைம்மா. நான் எவ்வளவு தின்னேன்னு எனக்குத் தெரியும். ஆனா வாரா வாரம் அதுக்கும் மேல ரொட்டி தீர்ந்துபோச்சு." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டான். "அவனைக் காட்டிக்குடுத்தா எனக்கு என்ன கிடைக்கும்? இன்னொரு வீட்டுல பூசணம் பிடிச்ச ரொட்டி."

விளையாட்டாகச் சொன்னானா, உண்மையாகச் சொன்னானா? போய்விட்டான். நான் வாசலிலேயே உட்கார்ந்து அழுதேன்.

நவம்பர் 3

லைப்சிக் சண்டையில் பிரெஞ்சுப் பேரரசன் தோற்றுவிட்டான். தோற்ற படை எங்கள் பாதை வழியாகவே ஓடியது, கோழியெல்லாம் போயிற்று, சிவப்பியின் கன்றும் போயிற்று. இப்போது யாரும் இல்லை. மணி அடித்தார்கள்.

அவர் பகலில் வாசலுக்கு வந்தார்! நிலவறையில் முளைத்த உருளைக்கிழங்கு மாதிரி வெளுத்துப்போயிருந்தார். லீஸ்பெட் அவரைப் பார்த்துக் கதறினாள், என் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

ஊர் ஆண்கள் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். "வாங்க வாங்க, வைக்கோல் மாப்பிள்ளை! மாடுங்க சௌக்கியமா?" அவரும் சிரித்தார். டோர்ட்டெ அக்கா சாலையின் அந்தப் பக்கம் வந்தாள், அவரைக் கண்டதும் திரும்பி நடந்தாள். அப்போது அவர் சிரிப்பு நின்றது.

நவம்பர் 28

பிரெஞ்சுக்காரர்கள் துரத்திய பழைய பிரபு காசலுக்குத் திரும்பிவிட்டார். ஐமர் மாமாவின் தோளில் வேறு நிறப் பட்டி. அதே வாசல், அதே குரல், வேறு காகிதம். நடுவில் போன ஏழு வருஷமும் நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டுமாம். பண்ணைக்குக் கூலியில்லா வேலை பழையபடி உண்டு. சிப்பாய்கள் பழையபடி தலைமயிரைப் பின்னி வால் விட வேண்டும். பிரெஞ்சுக்காரனை ரைன் நதிக்கு அப்பால் துரத்த வயதுவந்தவர்கள் படையில் சேர வேண்டும்.

வாசித்து முடிக்கவில்லை, என் கணவர் தானாகவே முன்னால் போய் நின்றுவிட்டார். முதல் ஆளாக.

உள்ளே வந்ததும் சண்டை போட்டேன். இத்தனை மாதம் அடக்கிவைத்த குரல் எல்லாம் வெளியே வந்தது. "உங்களைக் காப்பாத்த நான் செத்துச் செத்துப் பிழைச்சேனே, எதுக்கு? இதுக்கா?"

"அது அவன் சண்டை. இது நம்ம ஊரு."

"நம்ம ஊரா? நாளைக்கே பண்ணையில போய்ச் சும்மா உழைக்கணும்னு வாசிச்சாரே, அதுவும் நம்ம ஊருதானா? உங்கப்பா முதுகை மறந்துட்டீங்களா?"

அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "முதல்ல அவனைத் துரத்துவோம். அதைத் திரும்பி வந்து கேப்போம். துப்பாக்கி பிடிச்சவன் கேட்டா பதில் சொல்லித்தானே ஆகணும்?" பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "டோர்ட்டெ அக்கா மூஞ்சியை நான் பாக்கணும் மார்த்தா. இப்படியே என்னால இந்த ஊர்ல நடக்க முடியாது."

அந்தத் தடியன் கீழே சூப் குடித்துக்கொண்டிருந்தபோதாவது அவர் என் தலைக்கு மேலே இருந்தார்.

டிசம்பர் 12

போய்விட்டார். பின்னுகிற அளவுக்கு மயிர் வளரவில்லை, குதிரைவால் மயிரைக் கறுப்பு நாடாவில் கட்டிப் பின்னால் தொங்கவிட்டிருந்தார்கள். லீஸ்பெட் அதைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

டிசம்பர் 30

"பூனை ஏன் இப்ப இருமறதே இல்ல?" என்று கேட்கிறாள் லீஸ்பெட்.

ஜனவரி 20, 1814

அவரிடமிருந்து தகவல் இல்லை. ரைனைத் தாண்டிவிட்டார்கள் என்கிறார்கள். பாசறைகளில் காய்ச்சல் பரவுகிறது என்கிறார்கள். ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நான் எல்லாவற்றையும் நம்புகிறேன்.

இன்று ரொட்டி சுட்ட நாள். பலகையை இறக்கியபிறகுதான் பார்த்தேன். எனக்கும் குழந்தைக்கும் வேண்டியதைவிட ஒன்று அதிகம். மறைக்க வேண்டிய ஆள் இல்லை, பிடிக்கிற ஆளும் இல்லை, இருந்தும் அந்தப் பழைய பயம் வந்துவிட்டது. துணியைத் தேடினேன்.

டோர்ட்டெ அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். ஆகஸ்டுக்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு இல்லை. கட்டைவிரலை வைக்கப் போகிறாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. என் கையிலிருந்த சாவியை வாங்கி அந்த உருண்டையில் அவளே அழுத்தினாள்.

"வீட்டுக்குக் கொண்டுபோ," என்றாள். "நானும் ஹென்னர் போனதுலேர்ந்து ஒண்ணு சேத்துத்தான் சுடறேன். உன் பலகை எனக்கு எப்படித் தெரிஞ்சதுன்னு நினைக்கிற?"

"அந்த ரொட்டியை என்ன பண்ணுவீங்க அக்கா?"

"என்ன பண்றது. முதல் நாள் வெட்ட மாட்டேன். அப்புறம் காஞ்சுபோகும். சூப்புல ஊறவச்சு நானே தின்னுடுவேன்."

ரொட்டி நன்றாக வெந்து வந்தது. மேசையில் அவர் இடத்துக்கு நேரே வைத்திருக்கிறேன். லீஸ்பெட் கேட்டாள், நாளைக்கு என்று சொல்லிவிட்டேன்.